கணக்கு வராத பிள்ளை உண்டா?

(திருவொற்றியூரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும் உபாத்தியாயர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஒன்றாம் வகுப்புக் கணக்கைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பொதுக்கூட்டமா என்று வருகிற வழியிலேயே ஒரு தோழர் நம்மைக் கேட்டார். ஐந்தும் மூன்றும் எட்டு என்பதில் பேசுவதற்கு என்ன இருக்கின்றது என்பது அவருடைய சந்தேகம். இருக்கின்றது என்றுதான் நாம் சொல்லுகிறோம். ஏனென்றால் இந்த ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கங்களில் எந்தத் தெருவுக்குப் போனாலும், "எங்கள் பிள்ளைக்கு மற்றதெல்லாம் வரும், கணக்கு மாத்திரம் வராது" என்கிற வார்த்தையைக் கேட்க வேண்டியிருக்கின்றது. ஆறு வயதுப் பிள்ளையைப் பற்றி இப்படித் தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள். பெற்றோரும் சொல்லுகிறார்கள், உபாத்தியாயரும் சொல்லுகிறார். கடைசியில் பிள்ளையும் அதையே சொல்லக் கற்றுக் கொள்ளுகிறது.

வராததற்குச் சொல்லப்படும் காரணங்களைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு வீட்டில், தகப்பனுக்கும் வரவில்லை, பாட்டனுக்கும் வரவில்லை, எங்கள் வம்சத்துக்கே கணக்கு வராது என்கிறார்கள். இன்னொரு வீட்டில் ஜாதகத்தை எடுத்து விரித்து, புதன் நீசமாயிருக்கிறான், அதனால் கணக்கு ஏறாது என்கிறார்கள். புதன் என்கிற அந்தக் கிரகம் நமக்கு மிக அருகில் வருகிற சமயத்திலேயே 7 கோடிக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கிடக்கின்றது. அவ்வளவு தூரத்திலிருக்கிற ஒரு கல்லுருண்டை, எண்ணூர்க் குப்பத்தில் ஒரு குழந்தை எட்டோடு ஐந்தைக் கூட்டுவதை வந்து தடுக்கின்றது என்றால், அதற்கு வேறு வேலையே இல்லையா? பெண் பிள்ளையாக இருந்துவிட்டால் ஜாதகம் கூட வேண்டியதில்லை. "பொட்டைப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு" என்பதோடு விஷயம் தீர்ந்து போகின்றது.

சரி, கணக்கு வராது என்று பேர் வாங்கிய பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கு வெளியே வைத்துப் பாருங்கள். காசிமேட்டில் மீன் விற்கிற தாயாருக்குப் பக்கத்தில் லீவு நாளில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கின்றது. ஒரு கூறு 80 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். வாங்குகிறவர் 200 ரூபாய் நோட்டை நீட்டுகிறார். பிள்ளை ஓர் இருபதை எடுத்து வைத்து "நூறு" என்கிறது. ஒரு நூறை எடுத்து வைத்து "இருநூறு" என்கிறது. மிச்சம் 120 சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதே பிள்ளைக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் 200 என்று எழுதி, கீழே 80 என்று எழுதி, ஒரு கோட்டையும் இழுத்துக் கொடுத்தால், பேய் அறைந்ததுபோல் விழிக்கின்றது. சைபரில் எட்டுப் போகாதே, என்ன செய்வது என்று அதற்கு ஒரே பயம். இப்போது சொல்லுங்கள், இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வருமா, வராதா?

இது நாம் மாத்திரம் சொல்லுகிற கதையல்ல. நம் ஊரைப் போலவே துறைமுகப் பட்டணமாகிய பிரேசில் தேசத்து ரெசிஃபேயில், தெரேசினா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் என்கிற மூவர் இதைச் சோதித்து 1985இல் வெளியிட்டார்கள். தெருவில் தேங்காயும் பழமும் விற்கிற ஐந்து பிள்ளைகள், 9 வயது முதல் 15 வயது வரையிலானவர்கள். வாங்க வந்தவர்களைப் போல நின்று, இது எவ்வளவு, அது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று 63 கேள்விகள் கேட்டார்கள். நூற்றுக்கு 98 சரியாயிருந்தது. பிறகு அதே பிள்ளைகளை உட்கார வைத்து, அதே மாதிரிக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 37தான் சரி. ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று ஒரு பையனைக் கேட்டபோது, அவன் 35க்குப் பக்கத்தில் ஒரு சைபரைச் சேர்க்கவில்லை. மூன்று தேங்காய் 105 என்பது அவனுக்குத் தெரியும். அதிலிருந்து 210, 315 என்று மும்மூன்றாக ஏறி, கடைசியில் ஒன்றைச் சேர்த்து 350க்கு வந்து சேர்ந்தான். தானே போட்டுக்கொண்ட பாதை அது.

நம் தேசத்திலும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானவர்கள் கல்கத்தா, டில்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதைப் பெரிய அளவில் சோதித்து 2025இல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். சந்தைப் பிள்ளைகள் மனக்கணக்கில் கெட்டி, பாடப்புத்தகக் கணக்கில் பின்தங்கல் என்பதோடு அது நிற்கவில்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சந்தைக் கணக்கைக் கேட்டால், அவர்களும் திணறிப் போனார்கள். சந்தைக்குப் போனவனுக்கு எழுத்துக் கணக்கு இல்லை. பள்ளிக்கூடம் போனவனுக்கு வாழ்வுக் கணக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் போட வேண்டியவன் யார்? உபாத்தியாயன்தான். எந்த வயதில் போட வேண்டும்? ஆறு வயதில், ஒன்றாம் வகுப்பில்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பிள்ளையைச் சந்தைக்கே அனுப்பலாமே" என்று யாராவது புறப்பட்டு விடாதீர்கள். அதற்கு நாம் பிறகு வருகிறோம்.

இப்போது வகுப்பில் என்ன நடக்கின்றது என்று பாருங்கள். பிள்ளை ஒன்று முதல் நூறு வரையில் மூச்சு விடாமல் ஒப்பிக்கின்றது. தாயாருக்கும் பெருமை, உபாத்தியாயருக்கும் பெருமை. அந்தப் பிள்ளையிடம் ஒரு கூடைப் புளியங்கொட்டையைக் கொடுத்து, "ஏழு எடு கண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். பல பிள்ளைகள் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுக்கும். சில பிள்ளைகள் வாயில் "மூன்று" என்று சொல்லுகிற நேரத்தில் கையால் இரண்டு கொட்டைகளைத் தாண்டி விடும். ஏழு என்பது ஏழு பொருளுக்குப் பேர் என்பதும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்துக்குப் பேர் என்பதும், கொட்டைகளைப் பரப்பி வைத்தாலும் குவித்து வைத்தாலும் ஏழு ஏழுதான் என்பதும் அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியவில்லை. அர்த்தம் தெரியாமல் சொல்லப்படுவதற்கு நாம் மந்திரம் என்று பேர் வைத்திருக்கிறோம். கல்யாண வீட்டில் புரோகிதர் சொல்லும் மந்திரத்தைக் கேலி செய்கிற நம் தோழர்களே, தங்கள் வீட்டுப் பிள்ளை சொல்லும் இந்த மந்திரத்துக்குக் கை தட்டுகிறார்கள்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை நெட்டுருப் போட வைத்தார்கள் என்பது உங்களில் பெரியவர்கள் கேள்விப்பட்டதுதான். அதிலும் ஒரு நியாயம் இருந்தது; ஏனென்றால் அந்த மரக்காலும் படியும் நாழியும் ஊரில் நெல் அளக்கிற அளவுகளாகவே இருந்தன. பிள்ளை பாடம் செய்ததை வெளியில் கையால் அளந்து பார்க்க முடிந்தது. அந்தத் திண்ணையில் உட்கார யார் யாருக்கு இடமில்லாமல் இருந்தது என்பதை நாம் இந்தக் கூட்டத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இன்று நாம் அளவையும் விட்டுவிட்டு, பொருளையும் விட்டுவிட்டு, நெட்டுருவை மாத்திரம் வைத்துக் கொண்டிருக்கிறோம்.

என்ன செய்யலாம் என்றால், செலவில்லாத காரியங்களே போதும். புளியங்கொட்டை, கடற்கரைக் கிளிஞ்சல், ஈர்க்குச்சி, சோடா மூடி எல்லாம் இங்கே கிடைக்கின்றன. தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரால் விம்கோ நகர் என்று ஒரு பகுதியே இருக்கிற ஊரில் குச்சிக்கா பஞ்சம்? (மருந்து வைத்த குச்சியைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம், மருந்தில்லாத குச்சி கடைகளில் கிடைக்கின்றது.)

எட்டும் ஐந்தும் எத்தனை? முதலில் பிள்ளை எட்டுக் கொட்டைகளை எண்ணி வைக்கும், ஐந்தை எண்ணி வைக்கும், பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றிலிருந்து எண்ணிப் பதின்மூன்று என்று சொல்லும். அதை அவசரப்படுத்தாதீர்கள். கொஞ்ச நாள் அப்படியே செய்யட்டும். பிறகு அந்த எட்டுக் கொட்டைகளின் மேல் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து விடுங்கள். "உள்ளே எட்டு இருக்கின்றது, உனக்கே தெரியும். இப்போது சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை முதலில் கொட்டாங்கச்சியைத் தூக்கிப் பார்க்கும். சிரியுங்கள், திட்டாதீர்கள். இரண்டு நாளில் கொட்டாங்கச்சியைத் தொட்டு "எட்டு" என்று சொல்லிவிட்டு, வெளியில் இருப்பதை ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணும். சில பிள்ளைகள் வெளியிலிருக்கிற முதல் கொட்டையையே எட்டு என்று எண்ணிப் பன்னிரண்டுக்கு வந்து நிற்கும். அப்போது தப்பு என்று சொல்லாமல் கொட்டாங்கச்சியைத் தூக்கி எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அது தானே திருத்திக் கொள்ளும். உபாத்தியாயர் சொன்னதனால் சரி என்பது வேறு, எண்ணிப் பார்த்தேன் அதனால் சரி என்பது வேறு. பின்னதைத்தான் பகுத்தறிவு என்று நாம் இத்தனை காலமாகச் சொல்லிக் கொண்டு வருகிறோம்.

அதற்கப்புறம் மூன்றும் ஒன்பதும் எத்தனை என்று கேட்டால், கெட்டிக்காரப் பிள்ளை மூன்றிலிருந்து ஒன்பது படி ஏறாமல், ஒன்பதிலிருந்து மூன்று படி ஏறும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே பல பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்கின்றன. கண்டுபிடித்தவனைக் கூப்பிட்டு மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

பிறகுதான் பத்து. கடையில் முட்டை வைத்துக் கொடுக்கிற அட்டை இருக்கின்றதே, அதில் முப்பது குழிகள் இருக்கின்றன, வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை. அதை இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழி அட்டைகள் மூன்று கிடைக்கும். எட்டுக் கொட்டைகளை ஓர் அட்டையில் போட்டால் இரண்டு குழி காலி என்று கண்ணே சொல்லும். ஐந்தில் இரண்டை எடுத்து அந்தக் காலியை நிரப்பினால் பத்தும் மூன்றும், பதின்மூன்று. பத்துக் குழி அட்டையைப் பத்து நாள் கையாண்ட பிள்ளைக்கு, அட்டை இல்லாத இடத்திலும் அந்த இரண்டு காலிக் குழிகள் மனதில் தெரியும். நம் வீட்டுப் பெண்கள் ஆடுகிற பல்லாங்குழியிலும் இந்த வித்தை இருக்கின்றது. ஒரு குழியில் நாலு சேர்ந்தவுடனே "பசு" என்று எடுக்கிற பெண் நாலை எண்ணுகிறதா? பார்த்த மாத்திரத்தில் தெரிந்து கொள்ளுகிறது.

விரலைப் பற்றி ஒரு வார்த்தை. விரல் விட்டு எண்ணுகிற பிள்ளையை அடிக்கிற உபாத்தியாயர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐந்தும் ஐந்தும் பத்து என்பதை எந்த நேரமும் கூடவே வைத்துக் கொண்டிருக்கிற சாமான் விரல் ஒன்றுதான். அதை ஒளித்து எண்ணச் சொல்லிப் பிள்ளையை மேஜைக்கடியில் திருட்டுத்தனம் பண்ண வைப்பது என்ன படிப்பு? ஜெபம் பண்ணுகிறவர் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக் கொண்டு போகிறார். சாஸ்திரிக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்லுகிறோமா? குழந்தைக்கு மாத்திரம் ஏன் அந்தப் பழி? மனதில் பத்து ஊன்றியபின் விரல் தானாக மடங்கிக் கொள்ளும்.

இன்னொரு சங்கதி, தாய்மார்கள் கவனிக்க வேண்டும். இங்கிலீஷில் சொன்னால்தான் மதிப்பென்று நினைத்து, பிள்ளையை "இலெவன், ட்வெல்வ்" என்று சொல்ல வைக்கிறீர்கள். இலெவன் என்கிற சப்தத்தில் பத்து எங்கே இருக்கின்றது, ஒன்று எங்கே இருக்கின்றது? இங்கிலீஷ்காரப் பிள்ளைக்கே அது தெரிகிறதில்லை. நம் பாஷையில் பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். பன்னிரண்டு என்றால் பத்தும் இரண்டும். இருபத்துமூன்று என்றால் இரண்டு பத்தும் ஒரு மூன்றும். எண்ணின் உட்கட்டு பேரிலேயே கிடக்கின்றது. நம்முடையது என்பதற்காக அதன் கோளாறையும் மறைக்க வேண்டியதில்லை: பத்துக்கு முந்தியதற்கு ஒன்பது என்றும், நூறுக்குள்ளேயே இருப்பதற்குத் தொண்ணூறு என்றும் பேர் வந்தது பிள்ளைகளைத் தடுமாற வைக்கத்தான் செய்கின்றது. அந்த இரண்டையும் குச்சிக் கட்டுகளை வைத்துத் தனியாகக் காட்டிவிட வேண்டும். இங்கிலீஷ் பேர்களைப் பிறகு கற்றுக் கொள்ளட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. முதலில் புரிகிற பாஷையில் எண்ணட்டும்.

கழித்தலுக்கு வருவோம். கழித்தல் என்றால் எடுத்துப் போடுவது என்று ஒன்றை மாத்திரமே நாம் சொல்லிக் கொடுக்கிறோம். பதின்மூன்று மீன் இருந்தது, ஐந்து விற்றது, மிச்சம் எட்டு. இது ஒரு வகை. உன்னிடத்தில் பதின்மூன்று கிளிஞ்சல், தங்கையிடத்தில் ஐந்து. உனக்கு எத்தனை அதிகம்? இங்கே யாரும் எதையும் எடுத்துப் போடவில்லை. இரண்டு வரிசையாக எதிரெதிரே அடுக்கிப் பார்த்தால் ஜோடியில்லாமல் நிற்பது எட்டு. பதின்மூன்று பேருக்குத் தட்டு வேண்டும், ஐந்து தட்டுதான் இருக்கின்றது. இன்னும் எத்தனை வேண்டும்? இது ஏறி எண்ணுவது, காசிமேட்டுப் பிள்ளை பாக்கி கொடுத்ததும் இந்த வழிதான். மூன்றுக்கும் கழித்தல் என்றுதான் பேர். முதல் வகையை மாத்திரம் கற்ற பிள்ளை, "எத்தனை அதிகம்" என்ற வார்த்தையைக் கேட்டவுடனே பதின்மூன்றையும் ஐந்தையும் கூட்டிப் பதினெட்டு என்கிறது. அது பிள்ளையின் மூளைக் குறைவா, நம்முடைய போதனைக் குறைவா?

இனி, "கடன் வாங்கிக் கழித்தல்" என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அதைச் சொல்லாமல் விட முடியாது. 32இல் 17 போனால் எத்தனை? இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்கிறார்கள். பிள்ளையும் வாங்குகிறது. வாங்கின கடனைத் திருப்பிக் கொடுத்ததாக எந்தப் பாடத்திலாவது கேட்டிருக்கிறீர்களா? அடுத்த வீட்டில் ஒன்று வாங்கினால் இங்கே எப்படிப் பத்தாகிறது? கந்துவட்டிக்காரன் கூட ஒன்றுக்குப் பத்துத் தருவதில்லை! உள்ளபடி அங்கே கடனும் இல்லை, வட்டியும் இல்லை. பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டிய குச்சிக் கட்டுகள் மூன்றும், உதிரிக் குச்சி இரண்டும் பிள்ளையின் முன்னால் வையுங்கள். பதினேழு எடு என்று சொல்லுங்கள். உதிரியில் ஏழு இல்லை. பிள்ளை என்ன செய்யும்? ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றும். இப்போது இரண்டு கட்டும் பன்னிரண்டு உதிரியும். ஏழை எடுத்தால் ஐந்து, ஒரு கட்டை எடுத்தால் ஒரு கட்டு, பதினைந்து. தன் வீட்டுக் கட்டைத் தானே அவிழ்த்தான், அவ்வளவுதான். இது இரண்டாம் வகுப்பில் வருகிற கணக்கு என்றாலும், கட்டுவதையும் அவிழ்ப்பதையும் ஒன்றாம் வகுப்பிலேயே விளையாட்டாகச் செய்த பிள்ளைக்கு அன்றைக்குப் பயம் இருக்காது.

வீட்டில் செய்ய வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். தாயக்கட்டை உருட்டுங்கள். பரமபதம் ஆடுங்கள். மோட்சத்துக்குப் போகிற ஏணி நமக்கு வேண்டாம். வரிசையாக எண் எழுதிய கட்டங்கள் வேண்டும். 17ஆம் கட்டத்தில் நிற்கிற பிள்ளைக்கு நாலு விழுந்தால், "ஒன்று, இரண்டு, மூன்று, நாலு" என்று நகர்த்தாமல், "பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று" என்று கட்டத்தின் பேரைச் சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ராமணி, சீக்லர் என்கிற இருவர் 2008இல் ஏழை வீட்டுச் சிறு பிள்ளைகளிடம், ஒன்று முதல் பத்து வரை கட்டமிட்ட வெறும் அட்டையை வைத்து இம்மாதிரி விளையாட வைத்தார்கள். கால் மணி நேரம் வீதம் நாலு தடவைதான். அதற்குள்ளேயே அந்தப் பிள்ளைகளின் எண்ணறிவு கண்கூடாக முன்னேறியது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் பள்ளிக்கூடம் போகுமுன்பே கிடைத்து விடுகிறது. அதைத்தான் நாம் "பிறவிக் கெட்டிக்காரன்" என்கிறோம்.

செய்து கற்பது என்பது எங்கிருந்தோ வந்த புது நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். 1789இல் எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தலைவராக வந்த ஆண்ட்ரூ பெல் என்கிற வெள்ளைக்காரப் பாதிரி, இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து, அதைத் தம் பள்ளிக்கூடத்தில் வைத்துக் கொண்டார். 1797இல் லண்டனில் புத்தகமும் போட்டார். அது அங்கே 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று பேர் பெற்றது. மரியா மாண்டிசோரி அம்மையார், 1907இல் ரோமாபுரியில் சான் லொரென்ஸோ என்கிற தொழிலாளர் பேட்டையில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வைத்துத்தான் தம் முதல் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அந்த அம்மையார் 1939இல் நம் அடையாற்றுக்கே வந்து உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆனால் தொழிலாளர் பேட்டையில் பிறந்த முறை, நம் ஊரில் பணக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துப் போர்டில் ஏறிக் கொண்டது. பத்துப் பத்தாகக் கோத்த மணிகளை ஏழைப் பிள்ளை கண்ணாலும் பார்க்கவில்லை.

2003இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையாளராக இருந்தபோதுதான் 13 மாநகராட்சிப் பள்ளிக்கூடங்களில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. ரிஷிவேலியின் அட்டை முறையையும் மாண்டிசோரி சாமான்களையும் ஆதாரமாகக் கொண்டார்கள். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரில் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை வந்தது. பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்துத் தன் வேகத்தில் ஏணி ஏறிற்று. 2007-08இல் அது தமிழ்நாடு முழுவதற்கும் போயிற்று. கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்து பிள்ளைகள் பின்தங்கியபின், 2022 ஜூன் 13இல் நமக்குப் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்குத் தக்கபடி பிரித்துக் கற்பிக்க ஏற்பாடு செய்தார்கள்.

இவற்றையெல்லாம் பாராட்டுகிற நாமே ஒன்றைச் சொல்ல வேண்டும். மனிதன் எதையும் சடங்காக்கி விடுவான். புளியங்கொட்டையையும் சடங்காக்கி விடுவான். அட்டை நம்பர் மூன்று முடிந்ததா, நம்பர் நாலை எடு என்று பிள்ளைகள் அட்டையைப் புரட்டிக் கொண்டிருக்க, உபாத்தியாயர் ரிஜிஸ்தர் நிரப்பிக் கொண்டிருந்த வகுப்புகளும் உண்டு. மேலதிகாரி வருகிற நாளில் கூடையிலிருந்து சாமான்கள் இறங்கும். அவர் போனபின் பரணுக்கு ஏறும். பிள்ளைகள் வண்ணம் பூசி, ஒட்டி, வெட்டி ஒரு மணி நேரம் போக்கிவிட்டு, ஓர் எண்ணைக் கூட யோசிக்காமல் எழுந்து போவதும் உண்டு. இதற்கெல்லாம் செயல்முறை என்று பேர் வைத்துப் பயனில்லை. கையில் எண்ணியதைப் பிள்ளை வாயால் சொல்ல வேண்டும், பிறகு புள்ளியாகவோ கோடாகவோ வரைய வேண்டும், அதன்பின் 8 + 5 = 13 என்று எழுத வேண்டும். எழுதினதைக் காட்டி, "இதற்கு ஒரு கதை சொல்லு" என்றால் எட்டுப் படகையும் ஐந்து படகையும் சொல்ல வேண்டும். கொட்டையிலேயே நின்றுவிட்ட பிள்ளை சந்தைப் பிள்ளையாகவே நின்றுவிடும்.

முன்பு விட்ட விஷயத்துக்கு இங்கே வருகிறோம். "மீனை வைத்துக் கணக்கு, படகை வைத்துக் கணக்கு என்கிறீர்களே, 1953இல் ராஜகோபாலாச்சாரியார் கொண்டு வந்த குலக்கல்வியும் இதுதானே?" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. அந்தத் திட்டம் பாதி நாள் படிப்பு, பாதி நாள் தகப்பன் தொழில் என்றது. அதை எதிர்த்து நாடே கிளம்பி, 1954இல் காமராசர் வந்தபின் அது ஒழிந்தது. அது பிள்ளையை மீனுக்கு அனுப்பியது; நாம் மீனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைக்கிறோம். செம்படவர் வீட்டுப் பிள்ளைக்கு மீன் எண்ணிக் காட்டுவது, அது கடைசி வரையில் மீன் எண்ணுவதற்காக அல்ல. ஆறு மாதத்தில் மீனை விட்டு எண்ணை மாத்திரம் பிடித்துக் கொள்வதற்காக. அக்கிரகாரத்துப் பிள்ளைக்கும் அதே மீனை வைத்தே சொல்லிக் கொடுக்கலாம், கணக்கு ஒன்றும் தீட்டாகிவிடாது. கணக்கு எழுதுகிற உத்தியோகம் வம்ச பாத்தியமாக இருந்த கிராமக் கர்ணம் பதவி நம் மாகாணத்தில் 1980 வரையில் இருந்தது என்பதை நினைத்துக் கொள்ளுங்கள். கணக்கு யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதைப் பிறப்பை வைத்துத் தீர்த்திருந்தார்கள். அந்தப் பதவி போய்விட்டது; "வம்சத்துக்கே வராது" என்கிற வார்த்தை மாத்திரம் நம் வீட்டில் தங்கிவிட்டது.

பசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்குக் கொட்டாங்கச்சிக்குள் எட்டு இருந்தால் என்ன, எண்பது இருந்தால் என்ன? இந்த வடசென்னைக்காரரான தியாகராயச் செட்டியார் தலைமையில் மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. சோறு போட்டாகிவிட்டது, இனிப் பாக்கி நம் வேலை.

இவ்வளவு தூரம் ஏன் இதை வற்புறுத்துகிறோம்? இந்தப் பக்கத்துத் தொழிலாளியின் சம்பளச் சீட்டில் "பிடித்தம்" என்று ஒரு கட்டம் இருக்கின்றது. அது கழித்தல் கணக்கு. ஒப்பந்தக்காரன் எவ்வளவு பிடித்தான், எதற்காகப் பிடித்தான் என்று கேட்கத் தெரியாதவன், கொடுத்ததை வாங்கி மடியில் கட்டிக் கொண்டு போகிறான். மீன் விற்கிற தாய்மார்கள் தண்டல் வாங்குகிறீர்கள். பத்தாயிரம் என்று பேர். ஆயிரத்தை முதலிலேயே பிடித்துக் கொண்டு ஒன்பதாயிரம் கையில் வருகிறது. நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பத்தாயிரத்துக்கு ஆயிரம்தானே வட்டி என்று தோன்றுகின்றது. கையில் வந்தது ஒன்பதாயிரம்தான். அதிலும் முதல் நாளிலிருந்தே நூறு நூறாகத் திருப்பிக் கொண்டிருக்கிறீர்கள். ஐம்பதாவது நாளில் பாதிப் பணம் உங்களிடத்தில் இல்லை, ஆனால் வட்டி முழுப் பணத்துக்கும் போய்விட்டது. தண்டல்காரனுக்கு இந்தக் கணக்கு வரும். அவனுடைய ஜாதகத்தில் புதன் எங்கே இருக்கிறான் என்று நாம் பார்க்கவில்லை.

நேரமாகிவிட்டது. இப்போது உபாத்தியாயினி அம்மையார் மேடைக்குக் கீழே பாய் விரித்து, பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து, கொட்டாங்கச்சியையும் முட்டை அட்டையையும் குச்சிக் கட்டையும் கொண்டு செய்து காட்டப் போகிறார்கள். பெற்றோர்கள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பாயைச் சுற்றி நில்லுங்கள். பிள்ளை தயங்கினால் யாரும் பதிலை எடுத்துக் கொடுக்க வேண்டாம். அது எண்ணி முடிக்கிற வரையில் பொறுத்திருங்கள்.